பக்கத்துப் பங்களா: கண்டி, 1901
மலைநாட்டுத் தெய்வங்கள் – வரலாற்றுத் தொடர்: 14

1901ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த மார்ல்பரோ என்ற பங்களாவை இரண்டு ஆங்கிலேயர் வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் தோட்டத்துரைமார் அல்லர், அரசாங்க உத்தியோகத்தரும் அல்லர், பாதிரிமாரும் அல்லர். பகலும் இரவும் சம்மணமிட்டு உட்கார்ந்து மூச்சை இழுப்பதும் அடக்குவதும் விடுவதுமாக இருந்தார்கள். ஒருவர் அலன் பென்னட், வயது 28. மற்றவர் அலிஸ்டர் குரோலி, அவருக்கு 25. பிற்காலத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகள் உலகத்திலேயே மிகக் கெட்ட மனிதன் என்று ஏசிய அதே குரோலிதான்.

அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன கையோடு, அதை அடுத்த பங்களாவுக்கு ஒரு தோட்டத்துரைக் குடும்பம் சிறிது காலம் குடிவந்தது. கூடவே ஒரு விடலைப் பையன். பெயர் ஜெரால்ட் கார்ட்னர். இன்று விக்கா என்று உலகெங்கும் அறியப்படும் நவீன மந்திரவாத மதத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர். குரோலியும் கார்ட்னரும் கண்டியில் சந்திக்கவில்லை. ஒருவர் நிழல் மற்றவர் மேல் விழவும் இல்லை. அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள இன்னும் நாற்பத்தாறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்ற நான்கு தேவாலயங்கள் கண்டியில் எப்படி ஒன்றுசேர்ந்தன என்பதைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். பல தெய்வங்களை ஒரு வளவுக்குள் கொண்டுவருவதில் கைதேர்ந்த அந்த நகரத்துக்குள், புதிதாக ஒரு மதத்தைச் சமைக்கப் போகிறவர்கள் வந்து போனார்கள். அவர்கள் இங்கிருந்து எதை எடுத்தார்கள், எதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை என்பதே இந்த இதழின் விஷயம்.

முதலில் பென்னட். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டோன் என்ற மந்திரச் சங்கத்தில் அவர் பெரிய கை. எபிரேய மறைஞானம், எகிப்தியத் தெய்வங்கள், இடைக்கால ஐரோப்பியச் சடங்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்த சங்கம் அது. பென்னட் குரோலியின் லண்டன் வீட்டிலேயே தங்கி அவருக்கு மந்திரச் சடங்குகளைக் கற்பித்தார். ஆனால் ஆஸ்துமா அவரை வாட்டி எடுத்தது. வெப்பநாட்டுக்குப் போனால்தான் பிழைப்பார் என்ற நிலையில் 1900இல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்.

கொழும்பில் அவருக்கு வேலை கொடுத்தவர் சேர் பட்டம் பெறுவதற்கு முந்திய பொன்னம்பலம் இராமநாதன். அப்போது அவர் சொலிசிட்டர் ஜெனரல். இராமநாதனின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது பென்னட்டின் வேலை. பிள்ளைகளின் தகப்பனிடம் இவர் யோகம் கற்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு படித்த மாணாக்கன் என்றுகூடச் சொல்லலாம்.

இராமநாதனை அரசியல்வாதியாகவும் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவியவராகவும் மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் புதிதாக இருக்கும். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர் அவர். ஸ்ரீ பரானந்தா என்ற பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்குச் சைவ ஞான நோக்கில் விரிவுரை செய்தார். அது 1898இல் நூலாக வந்தது. யோவான் சுவிசேஷத்துக்கான விரிவுரை 1902இல் வந்தது. கிறிஸ்து சொன்னதும் சிவஞானிகள் சொன்னதும் ஒரே அனுபவத்தைத்தான் என்பது அவருடைய துணிபு. பாதிரிமார் சைவத்தைத் தாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய வேதத்தையே எடுத்துச் சைவ அனுபவத்தால் விளக்கியவர் இந்தக் கொழும்புத் தமிழர். ஆறுமுக நாவலர் நின்ற இடத்திலிருந்து இது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள். நாவலர் எதிர்வழக்காடினார். இராமநாதனோ எதிர்க்கட்சியின் சாட்சியையே தம் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தில் இது புதிதும் அல்ல. தம்பி அருணாசலம், கேம்பிரிட்ஜ் காலத்து நண்பரான எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலக் கவிஞரை 1890இல் வரவழைத்து ஒரு தமிழ் ஞானியின் முன் உட்கார வைத்தார். கார்ப்பென்டர் அந்த அனுபவத்தைப் பயண நூலாக எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். மேற்கு நாட்டவர் கிழக்கின் ஞானத்தைத் தேடி வந்த கதையைப் பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா, அடையாறு வழியாகவே சொல்கிறார்கள். கொழும்பின் தமிழ் வீடுகளில் நடந்தது அந்தக் கதையில் ஒரு வரியாகக்கூட வருவது அரிது.

குரோலி 1901 ஓகஸ்டில் வந்து சேர்ந்தார். மெக்சிக்கோவில் மலையேறிவிட்டு, ஹவாய், ஜப்பான் வழியாக வந்தார். ஜப்பானில் காமகுராவின் பெரிய புத்தரைப் பார்த்திருந்தார். கொழும்பில் கொஞ்ச நாள் இராமநாதனின் போதனையை அவரும் கேட்டார். பிற்காலத்தில் யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை எழுதத் தயங்கிய குரோலி, இராமநாதனைப் பற்றி மரியாதையாகவே எழுதினார். கொழும்புப் புழுக்கம் வேண்டாம் என்று நண்பரைக் கண்டிக்கு அழைத்துப் போனவர் குரோலிதான். மார்ல்பரோ பங்களா அப்படித்தான் வாய்த்தது.

அங்கே நடந்தவற்றைக் குரோலி சொல்லித்தான் நாம் அறிகிறோம். அவர் கதைக்குக் கைகால் வைக்கத் தயங்காதவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். ஒருநாள் பென்னட்டின் அறைக்குள் போனபோது, பத்மாசனம் கலையாமல் அவர் தலைகீழாகச் சரிந்து ஒரு மூலையில் கிடந்தாராம், தட்டிவிட்ட சிலை மாதிரி. இன்னொரு கதை மலைநாட்டார் யாருக்கும் சிரிப்பை வரவழைக்கும். அட்டைகளைக் கண்டு அருவருப்பு வரக்கூடாது என்று, பென்னட் தம் கையை நீட்டி ஓர் அட்டையை வயிறு நிறையக் குடிக்க விட்டாராம். கொழுந்து மலையில் அட்டைக்கடிக்குச் சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு நின்ற பெண்கள் அதைப் பார்த்திருந்தால், துரைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒக்டோபர் தொடக்கத்தில் தமக்குத் தியான நிலை கைகூடியதாகக் குரோலி தம் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு ஊக்கம் தணிந்துவிட்டது. இருவரும் அநுராதபுரம் பக்கம் சுற்றிவிட்டுப் பிரிந்தார்கள். பென்னட் பர்மாவுக்குப் போய்ச் சீவர உடை தரித்து ஆனந்த மெத்தேய்ய ஆனார். 1908இல் பர்மாவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற முதல் பௌத்தத் தூதுக்குழுவுக்கு அவர்தான் தலைவர். குரோலி தென்னிந்தியாவுக்குள் இறங்கி மதுரைக்குப் போனார். 1904இல் கெய்ரோவில் தமக்கு ஒரு வேதம் அருளப்பட்டதாக அறிவித்துப் புது மதம் ஒன்றையே தொடங்கினார். அந்த மதத்தின் பயிற்சி முறைக்குள் ஆசனம், பிராணாயாமம், தாரணை, தியானம் எல்லாம் உண்டு. மந்திரவாதிக்கு யோகம் கட்டாயப் பாடம் என்று விதித்த முதல் ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். அவருக்கு அந்தப் பாடம் கொழும்பில் ஒரு சைவர் வாயால் கிடைத்து, கண்டியில் பழகப்பட்டது.

இனி, மார்ல்பரோவின் ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று பார்ப்போம்.

பள்ளத்தில் தலதா மாளிகை. அதன் எதிரே நாத தேவாலயம். மகாயான போதிசத்துவரான அவலோகிதேசுவரர் நாத தெய்யோவாகி, கண்டி அரசர்களின் பெயர்சூட்டும் சடங்குக்குச் சாட்சியாகி நின்ற இடம். அந்த வளவுக்கு அருகே 1887இல் பிரம்மஞான சங்கத்தாரின் முயற்சியால் தொடங்கிய தர்மராஜா கல்லூரி. 1902இல் அதன் அதிபராக வந்த பில்லிமோரியா இந்தியாவிலிருந்து வந்த பார்சி. மகாயானத் தெய்வத்தின் நிழலில், தேரவாதப் பள்ளியை, ஜரதுஷ்டிர மதத்தில் பிறந்த பிரம்மஞானி முப்பது ஆண்டு நடத்தினார். கண்டியில் இதை யாரும் விந்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1880இல் இங்கு வந்த பிரம்மஞான சங்கத்துப் பிளவாட்ஸ்கி புனித தந்தத்தைப் பார்த்தபோது, புத்தர் புலியாகப் பிறந்த பிறவியின் பல்லாக இருக்கும் என்று வேடிக்கை பேசியதாகக் கூட வந்த ஒல்கொட் குறித்து வைத்திருக்கிறார். அதற்காகவும் யாரும் அந்த அம்மாளைத் துரத்தவில்லை.

இந்தக் கலப்பின் அடுக்குகளை மிகத் தெளிவாகப் பதிவு செய்த அந்நியர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679இல் அரிப்புக்குத் தப்பி ஓடும்வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தவர். அவர் மூன்று வகைப் பூசகர்களைக் காண்கிறார். புத்தருக்குப் பிக்குகள். தெய்வங்களுக்குக் கபுராளமார். ஆவிகளுக்கும் பேய்களுக்கும் யக்தெஸ்ஸாமார். யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பது சனங்களுக்குத் தெரிந்திருந்தது. மறுமைக்கு விகாரை, வழக்குக்கும் விளைச்சலுக்கும் தேவாலயம், தீராத நோய்க்கு யக்தெஸ்ஸா. நொக்ஸ் வர்ணிக்கும் பெரஹராவில் புனித தந்தம் இல்லை. அது தெய்வங்களின் ஊர்வலம். மதுரை வழி நாயக்கரான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் குழுவின் விருப்பத்துக்கு இணங்கியே தந்தம் முன்னுக்கு வந்தது. பௌத்தத்துக்கு மறுவாழ்வு கொடுத்த அந்த அரசன் நெற்றியில் திருநீறு பூசுவதை விடவில்லை என்பதும் 1760இல் அவனுக்கு எதிராகச் சதி செய்தவர்களின் மனக்குறைகளில் ஒன்று.

மூன்றாவது அடுக்குத்தான் நமக்கு இங்கே முக்கியம். ஐரோப்பிய மந்திரவாதிகள் இருவர் கண்டிக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் தேடிப் போயிருக்க வேண்டிய இடம் யக்தெஸ்ஸாவின் முற்றம் அல்லவா?

யக்தெஸ்ஸாமார் ஆடும் மலைநாட்டுப் பெருஞ்சடங்கான கொஹொம்ப கங்காரியவின் கதை ஒரு சாபத்தில் தொடங்குகிறது. விஜயன் இலங்கையில் கால்வைத்து யட்சினி குவேனியை மணக்கிறான், பிறகு மதுரைப் பாண்டிய இளவரசிக்காக அவளைத் தள்ளி வைக்கிறான். மகாவம்சத்தின்படி குவேனி தன் இனத்தார் கையாலேயே மாள்கிறாள். அவள் பிள்ளைகள் மலைநாட்டுக்கு ஓடுகிறார்கள். சடங்குக் கதை அதோடு நிற்கவில்லை. அவளுடைய வஞ்சம் சிறுத்தை உருவில் வருகிறது. விஜயனுக்குப் பின் அரசாண்ட பண்டுவாசதேவனை அது பிடித்து ஆட்டுகிறது. அந்தத் தோஷத்தைக் கழிக்கத் தகுந்தவன் பூவில் பிறந்த மலய அரசன் ஒருவனே என்று தெய்வங்கள் கண்டு, அவனை இலங்கைக்கு வரவழைக்க ராகு பன்றி உருவம் எடுக்கிறான். பன்றியைத் துரத்திக்கொண்டே அரசன் இந்தக் கரைக்கு வந்துவிடுகிறான். பன்றி கல்லாகிறது. அரசன் சாந்தி செய்கிறான். நோய் தீர்கிறது.

ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் சாபத்துக்குப் பரிகாரமாகவே இந்தச் சடங்கு முழுவதும் நடக்கிறது. கண்ணகி வழிபாட்டில் ஊறிய மட்டக்களப்பாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. உலகெங்கும் மேடையேறும் கண்டிய நடனம் இந்தச் சாந்தியிலிருந்து பிறந்தது. வெஸ் எனப்படும் அந்த வெள்ளி முடியை ஆண்கள் மட்டும், உரிய விரதத்தோடு, குருவின் கையால் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். ஆடும் குடும்பங்களுக்கு அரசன் காலத்திலிருந்தே காணி உண்டு. காணிக்கு ஈடாக ஊழியம் உண்டு. பெரஹரா முடிந்த பிறகு விஷ்ணு தேவாலயத்தில் ஏழு நாள் நடக்கும் வலியக் சடங்கும் இப்படித்தான். ஊர்வலத்தில் போன யானைக்கும் ஆளுக்கும் பட்ட நாவூறு கழிய வேண்டும். அதற்குரிய குடும்பம் வந்து ஆட வேண்டும்.

குரோலியின் எழுத்தில் இவற்றுக்கு இடமில்லை. தலதா மாளிகையின் தந்தத்தைப் பற்றி ஏளனமாகச் சில வரிகள் எழுதினார், அவ்வளவே. அவருடைய மந்திரங்களில் எகிப்தியத் தெய்வம் உண்டு, கிரேக்கத் தெய்வம் உண்டு, பைபிள் மிருகம்கூட உண்டு. பத்தினி தெய்யோ இல்லை, குவேனி இல்லை. இதை வெறும் வெள்ளைக்காரத் திமிர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இராமநாதன் கற்பித்ததற்கு ஒரு பாயும் மூச்சும் போதும். கப்பலில் ஏற்றலாம், எடின்பரோவிலும் செய்யலாம். கங்காரியவுக்கோ அந்தக் காணி வேண்டும், அந்தக் குடும்பம் வேண்டும், அயலூர்ச் சனம் வேண்டும், நாட்கணக்கில் பாடும் வாய் வேண்டும். ஆட்டத்தைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோக முடிந்தது. 1880களிலேயே ஜெர்மன் மிருகக்காட்சி வியாபாரி ஹாகன்பெக் சிங்கள ஆட்டக்காரரையும் யானைகளையும் ஐரோப்பிய நகரங்களில் காட்டிக் காசு பார்த்தார். சாந்தி மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

ஜெரால்ட் கார்ட்னர் விஷயத்துக்கு வருவோம். 1884இல் லிவர்பூல் அருகே, மர வியாபாரம் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இவருக்கும் ஆஸ்துமா! பள்ளிக்கே ஒழுங்காகப் போகாமல், செவிலித்தாயோடு வெப்பநாடுகளில் வளர்ந்தார். அந்தச் செவிலித்தாய் இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த எல்கிங்டன் என்பவரை மணந்தபோது, பையனும் கூடவே வந்தார். மஸ்கெலியாப் பக்கம் லாட்புரோக் தோட்டத்தில் வேலை பழகினார். தோட்டத்துத் தமிழில் சொன்னால் சின்னத்துரைக்கும் கீழே, தொழில் பழகும் துரை. கண்டியில் பக்கத்துப் பங்களாவில் தங்கியது இந்தக் காலத்தில்தான். இந்தத் தகவல் 1960இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. அது அவர் உயிரோடிருந்தபோதே, அவர் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட நூல். பெரிய மந்திரவாதி வசித்த வீட்டுக்கு அயலில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1904இல் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே நொன்பரீல் தோட்டத்தில் தனி பங்களா கிடைத்தது. மான் வேட்டையாடினார், காட்டுக்குள் அலைந்தார், சிங்கள அயலவரின் பௌத்த நம்பிக்கைகளை ஆர்வத்தோடு விசாரித்தார். 1910இல் கொழும்பில் பிரிமேசன் சங்கத்தில் சேர்ந்தார். கண்ணைக் கட்டி உள்ளே அழைத்து, சத்தியம் வாங்கி, மூன்று படிகளாக ஏற்றும் முறையை அவர் அங்கேதான் முதலில் அனுபவித்தார். விக்காவிலும் மூன்று படிகள், கண்கட்டு, சத்தியம் எல்லாம் உண்டு.

அவருடைய தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். லயத்து ஓரத்தில் மாரியம்மன், மாடசாமி, முனியாண்டி. தேயிலை ஆலையின் பெருஞ்சக்கரத்துக்கே ஒரு தெய்வத்தை நிறுத்தி ரோதமுனி என்று கும்பிட்டார்கள் மலையகத்தார். இயந்திரம் வந்தவுடன் அதற்குள்ளும் ஒரு சக்தி குடியேறிவிட்டது என்று கண்டு, அதற்கும் சேவல் காட்டிய சனம் இது. மரத்திலும் பாறையிலும் அருவியிலும் காமி உறைவதாகக் கொள்ளும் ஜப்பானியருக்கு ரோதமுனியை அறிமுகப்படுத்தினால் உடனே புரிந்துகொள்வார்கள். இன்று மேற்கில் ஷிண்டோவையும் விக்காவையும் பிணைத்து வழிபாடு நடத்த முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடும் இணைப்பை ஒரு கங்காணியும் பத்துக் குடும்பங்களும் ஆலை வாசலில் சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தார்கள்.

ஜப்பானைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அங்கே காமிகளும் புத்தரும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே வளவில் வாழ்ந்தார்கள். 1868இல் மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டு இருவரையும் பிரித்தது. பல இடங்களில் புத்தர் சிலைகள் உடைந்தன. கண்டியில் அப்படி ஓர் ஆணை வரவில்லை. ஆங்கிலேயரோடு செய்த 1815 கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு புத்த மதத்தைச் சடங்கு, பூசகர், வழிபாட்டிடம் எல்லாவற்றோடும் சேர்த்துக் காப்பதாக வாக்களித்தது. மிஷனரிமாரின் நெருக்குதலால் ஆங்கிலேயர் அந்த வாக்கிலிருந்து மெல்ல நழுவினார்கள் என்பது வேறு கதை. அநகாரிக தர்மபாலர் போன்ற சீர்திருத்தவாதிகள் தெய்வ வழிபாட்டைக் கண்டித்தார்கள். கண்டித்தவர் பேச்சைக் கேட்டுவிட்டுச் சனங்கள் தேவாலயத்துக்குப் பூத்தட்டோடு போனார்கள்.

கார்ட்னர் 1911இல் போர்னியோவுக்கும் பிறகு மலாயாவுக்கும் போய், ஜொகூரில் சுங்க அதிகாரியாகி, மலாய்க் கிரிஸ் கத்திகளைப் பற்றி 1936இல் ஒரு நூல் எழுதி, ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939இல் நியூ பாரஸ்ட் பகுதியில் பழைய மந்திரக்காரிகளின் இரகசியக் குழுவில் தாம் சேர்க்கப்பட்டதாகச் சொன்னார். 1947 மே மாதம் ஹேஸ்டிங்ஸ் ஊரில், நோயும் வறுமையுமாகக் கிடந்த குரோலியைப் பார்க்கப் போனார். கண்டியில் ஒரு சுவர் தூரத்தில் தவறிய சந்திப்பு அங்கே நடந்தது. அதே டிசம்பரில் குரோலி இறந்துபோனார். கார்ட்னரின் சடங்கு நூலுக்குள் குரோலியின் எழுத்து ஏராளமாகப் புகுந்திருந்தது. 1953இல் அவருடைய குழுவில் சேர்ந்த டொரீன் வாலியண்ட் அதைக் கண்டுபிடித்து, முடிந்த அளவு நீக்கி, தாமே புதிதாக எழுதிக் கொடுத்தார். 1951இல் இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் நீங்கியதும், 1954இல் கார்ட்னர் தம் மதத்தை நூலாக்கி வெளியில் கொண்டுவந்தார்.

இது கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பிய மதத்தின் எச்சம் என்பது அவர் வாதம். ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அதைப் பிரித்துப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டதே இது என்று நிறுவினார். கட்டிய கற்களில் பிரிமேசன் சங்கம் உண்டு, கோல்டன் டோன் உண்டு, குரோலி உண்டு. குரோலிக்குள் பென்னட்டும், பென்னட்டுக்குப் பின்னால் கொழும்பில் பரானந்தரும் நிற்கிறார்கள். கண்டியின் தேவாலயங்கள் மட்டும் அந்தச் சுவரில் ஒரு கல்லாகக்கூட இல்லை.

1964 பெப்ரவரியில் கார்ட்னர் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது இறந்தார். தூனிஸில் அடக்கம் செய்தார்கள். மேன் தீவில் அவர் நடத்திய மந்திரப் பொருட்காட்சிச்சாலையின் சேகரிப்பு அவருடைய சீடர் ஒருவருக்குப் போனது. 1973இல் அவர் அதை மொத்தமாக விற்றுவிட்டார். வாங்கியது, நம்பினால் நம்புங்கள் என்று விளம்பரம் செய்து அதிசயங்களைக் காட்டிச் சம்பாதிக்கும் ரிப்ளி என்ற அமெரிக்கக் கம்பனி.

(தொடரும்)